மதராஸிலிருந்து லிவர்பூல் போன ஸ்லைடு

விடாத காய்ச்சல், வற்றிப்போன கை கால், மண்ணீரல் வீங்கிப் புடைத்த வயிறு. 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு இப்படி வந்தவர்களுக்கு நாள்பட்ட மலேரியா என்று எழுதிக் குயினைன் கொடுப்பதே வழக்கம். காய்ச்சல் அடங்கவில்லை, பலர் இறந்துபோனார்கள்.

அங்கே மருத்துவராக இருந்த சார்லஸ் டோனவன் ஏப்ரலில், இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து மெல்லிய பூச்சு (ஸ்மியர்) போட்டுப் பார்த்தார். மலேரியாக் கிருமி இல்லை. முட்டை வடிவத்தில் வேறு ஏதோ நுண்ணுருக்கள் இருந்தன. மே 30ஆம் தேதி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மனின் கட்டுரை வெளியானது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோய் பிடித்து, 1900இல் இங்கிலாந்தின் நெட்லி ராணுவ மருத்துவமனையில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவரும் அதே உருக்களைப் பார்த்திருந்தார்.

ஆனால் இருவரும் பார்த்தது பிணத்தில். செத்த பிறகு நோயைக் கண்டுபிடித்து, படுக்கையில் கிடப்பவருக்கு என்ன பயன்?

ஜூன் 17ஆம் தேதி டோனவன் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்தினார். ரத்தம் ஊறி நிற்கும் உறுப்பு அது. குத்திய இடத்தில் கசிவு நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஊசியில் வந்த துளியை ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் மெல்லியதாக இழுத்து, காற்றில் உலர்த்திச் சாயம் ஏற்றினால்தான் எதுவும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு உருவும் இரண்டு முதல் நான்கு மைக்ரான் நீளம். உள்ளே உருண்டையாக ஒரு பெரிய புள்ளி, அதன் பக்கத்தில் குச்சிபோல் ஒரு சிறிய புள்ளி. இந்த ஜோடிதான் அடையாளம். சிறுவனின் ஸ்மியரில் அது இருந்தது. என்னைக் கேட்டால், காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் கதையில் இதைவிடப் பெரிய நாள் இல்லை.

ஸ்லைடுகள் கடல் கடந்தன. பாரிஸில் ஒட்டுண்ணி ஆய்வாளர் லாவெரான் இந்த உருக்களை ஏற்கெனவே தெரிந்த பைரோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வகையில் சேர்த்தார். லிவர்பூலில் மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் அதை மறுத்து, இது புது இனம் என்றார். நவம்பரில் ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று பெயரிட்டார். ஊசிக்கு உடம்பைக் கொடுத்த மதராஸ் சிறுவனின் பெயர் இதில் எங்கும் இல்லை. அது எனக்கு உறுத்துகிறது.

நோயியல் வகுப்புகளில் மாணவர்கள் இன்றும் ‘எல்.டி. பாடி’ (லீஷ்மன்-டோனவன் பாடி) என்று படிப்பது இந்த உருக்களைத்தான். லீஷ்மன் 1901இல் வெளியிட்ட சாயக் கலவை நம் மருத்துவமனை லேப்களில் இன்றும் சாதாரண ரத்த ஸ்மியருக்குப் பயன்படுகிறது. பீகார் கிராமங்களில் இப்போது விரல்நுனி ரத்தத்தை ஒரு பட்டையில் வைத்தே கருங்காய்ச்சலைச் சோதிக்கிறார்கள். குணமானவருக்கு நோய் திரும்பியதா என்ற சந்தேகம் வந்தால் மட்டும் பட்டை உதவாது. அப்போது மீண்டும் ஊசி, ஸ்லைடு, சாயம், மைக்ரோஸ்கோப்.