பாதியில் விட்ட பிளஸ் 1, பிளஸ் 2-வை மீண்டும் படிக்கணுமா? என்னென்ன பண உதவி கிடைக்கும்?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பத்தாவது முடிச்சதும் மீன்பிடித் துறைமுகத்துக்கோ கம்பெனிக்கோ வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் பலர். 'திரும்பப் படிக்கணும், ஆனா பணம்?' என்பதுதான் முதல் தயக்கம். எங்கே சேர்கிறோம் என்பதைப் பொறுத்தே உதவியும் அமையும்.

அரசுப் பள்ளியில் சேர்ந்தால்?

கல்விக் கட்டணம் இல்லை. பாடப்புத்தகம், பஸ் பாஸ், பிளஸ் 1-ல் சைக்கிள் இலவசம். இடைநிற்றலைத் தடுக்க 10, 11-ம் வகுப்புக்குத் தலா ரூ.1,500, 12-ம் வகுப்புக்கு ரூ.2,000 என மொத்தம் ரூ.5,000 ஊக்கத்தொகை உண்டு. ஆனால் இது பிளஸ் 2 முடித்த பிறகே கைக்கு வரும்.

மாதாமாதம் பணம் வருமா?

பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் 'அன்புக்கரங்கள்' திட்டத்தில் 18 வயது வரை மாதம் ரூ.2,000 கிடைக்கும். இது 2025 செப்டம்பரில் தொடங்கியது.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு 11-ம் வகுப்பிலிருந்தே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்கணும்.

அப்பாவோ அம்மாவோ கட்டுமானத் தொழிலாளர் அல்லது மீனவர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், பிள்ளைகளுக்கான கல்வி உதவியைக் கேட்டுப் பாருங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாமா?

தனித்தேர்வராகத் தேர்வு எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியிலும் சேரலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். கல்லூரியில் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு, 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்கணும். மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5% உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். வெளியே எழுதினால் இதெல்லாம் கை நழுவலாம்.

ஐடிஐ எப்படி?

அரசு ஐடிஐ-யில் மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. 6 முதல் 10 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மேலே சொன்ன ரூ.1,000-மும் கிடைக்கும். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ படித்தவர்கள், பிளஸ் 2 தமிழ், ஆங்கிலத் தாள்களில் தேர்ச்சி பெற்றால் அது பிளஸ் 2-வுக்கு இணையாகக் கருதப்படும். வடசென்னையிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது.

பேங்க் லோன்?

வங்கிகளின் கல்விக் கடன் பொதுவாக உயர்கல்விக்கானது. பிளஸ் 1-க்காக வெளியே வட்டிக்கு வாங்க வேண்டாம்.

முதலில் என்ன செய்யணும்?

மாற்றுச் சான்றிதழ், 10-ம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதி, வருமானச் சான்றிதழ், மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417-க்குக் கூப்பிடலாம்.