ஃபாலி: பார்வைக்காக எழுந்த கட்டடங்கள்

குடியிருக்கவோ வழிபடவோ காவல் காக்கவோ அல்லாமல், பார்வைக்கென்றே எழுப்பப்பட்ட தோட்டக் கட்டடம் ஃபாலி. ஆளில்லாத கோட்டை, இடிந்து நிற்பது போலவே கட்டிய மடாலயம், குன்றின் மேல் ஒற்றைக் கோபுரம் எனப் பல வடிவங்களில் இவை 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெருகின. முட்டாள்தனம் என்று பொருள்படும் பெயரை இவை சுமந்தாலும், பஞ்சமும் போரும் கூலிவேலையும் இவற்றின் கற்களில் கலந்திருக்கின்றன.

இத்தாலிக்குப் போய்வந்த ஆங்கிலப் பிரபுக்கள் ரோம் நகரத்து இடிபாடுகளில் மயங்கினார்கள். நேர்கோட்டுப் பாத்திகளை அகற்றி, புல்வெளியும் ஏரியுமாகத் தோட்டங்களை மாற்றினார்கள். நடந்து வருபவரின் கண்ணில் படும்படி திருப்பங்களில் கோயிலோ கோபுரமோ வைத்தார்கள். வொர்செஸ்டர்ஷயரின் ஹேக்லி பூங்காவில் சாண்டர்சன் மில்லர் 1747-ல் ‘பாழடைந்த’ கோட்டை ஒன்றைப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். அதன் நான்கு மூலைக் கோபுரங்களில் ஒன்றுக்குத்தான் முழு உயரம். மற்றவை சரிந்தாற்போல் நிற்கின்றன.

சீனப் பாணியும் வந்து சேர்ந்தது. லண்டன் கியூ தோட்டத்தில் வில்லியம் சேம்பர்ஸ் வடிவமைத்து 1762-ல் நிறைவுற்ற பகோடாவுக்கு 10 அடுக்கு, ஏறத்தாழ 50 மீட்டர் உயரம். அதன் கூரை விளிம்புகளில் 80 மர டிராகன்கள் இருந்தன. 1784-ல் அகற்றப்பட்ட அவற்றுக்குப் பதிலாகப் புதியவை செய்து 2018-ல் பொருத்தினார்கள்.

ஸ்காட்லாந்தின் டன்மோரில் 14 மீட்டர் உயரத்துக்கு ஓர் அன்னாசிப்பழமே கல்லில் எழுந்தது. கீழ் வாயிலில் 1761 என்று பொறித்திருக்கிறார்கள். குளிர்நாட்டில் அன்னாசி விளைவது அன்று பெரும் செல்வத்தின் அடையாளம். அதை வளர்க்க, சுவருக்குள் வெறும் இடைவெளி விட்டு அதில் சூடான காற்றைச் செலுத்தினார்கள். மேலே நிற்கும் பூச்சாடிகள் உண்மையில் புகைபோக்கிகள். கல் இலைகள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்காமல் வடியும்படி சரிவு கொடுத்திருக்கிறார்கள். தேங்கினால் குளிரில் உறைந்து கல்லைப் பிளந்துவிடும்.

அயர்லாந்தில் காரணமே வேறு. 1740-41 பஞ்சத்தின்போது கில்டேர் மாவட்டத்தில் கேத்தரின் கொனொலி என்ற சீமாட்டி, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று வளைவுகளின் மேல் ஒரு தூபியை எழுப்பச் செய்தார். சுமார் 42 மீட்டர் உயரம். கல்லில் செதுக்கிய கழுகுகளும் அன்னாசிகளும் அதை அலங்கரிக்கின்றன.

இந்த வரலாறு தமிழகத்தையும் தொடுகிறது. 1780-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படை, கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை அழித்தபோது, உதவிக்குப் போகத் தவறியவர் தளபதி ஹெக்டர் மன்றோ. கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மறு ஆண்டே டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பியதும் ஸ்காட்லாந்தின் ஃபைரிஷ் குன்றின் உச்சியில், 450 மீட்டருக்கு மேல், நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலை நினைவூட்டும் வளைவுகளைக் கட்டச் செய்தார். நிலத்தை இழந்து வாடிய குடியானவர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. கூலி நாட்கள் நீளட்டும் என்று, மேலே ஏற்றிய கற்களை மன்றோவே கீழே உருட்டிவிட்டார் என்பது அவ்வட்டாரத்துக் கதை. நாகப்பட்டினத்தில் தோற்றவர்களைப் பற்றி அந்தக் கதையில் ஒரு சொல்லும் இல்லை.

1897-ல் ஸ்காட்லாந்தின் ஓபன் ஊரில் வங்கியாளர் ஜான் ஸ்டூவர்ட் மக்கைக் ரோமின் கொலோசியத்தைப் போன்ற வட்டச் சுவரைத் தொடங்கியதும் குளிர்காலத்தில் வேலையில்லாத கொத்தர்களுக்காகவே. உள்ளே அருங்காட்சியகமும் குடும்பத்தாரின் சிலைகளும் வைக்க எண்ணியிருந்தார். 1902-ல் அவர் இறக்கவே, வெளிச்சுவரோடு வேலை நின்றது.

20-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் அருகியது. பெர்னர்ஸ் பிரபு 1935-ல் ஃபாரிங்டனில் முடித்த 30 மீட்டர் கோபுரம் இங்கிலாந்தின் கடைசிப் பெரிய ஃபாலிகளில் ஒன்று. 1965-ல் நிறுவப்பட்ட லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இத்தகைய கட்டடங்கள் பலவற்றைச் செப்பனிட்டு விடுமுறை வாடகைக்கு விடுகிறது. டன்மோர் அன்னாசியின் இருபுறமும் தோட்டக்காரர்கள் வாழ்ந்த அறைகளில் இன்று பயணிகள் தங்குகிறார்கள்.