முடக்குவாதமும் பற்றீரியாவும்: ஒரு கருதுகோளின் வரலாறு

ஒரு நோய்க்கு இதுவே காரணம் என்று கூறுவதற்கு எத்தகைய சான்று போதுமானது? மெய்யியலாளரின் வினாவாகத் தோன்றும் இது, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியில் ஆயிரக்கணக்கான நோயாளரின் பற்களையும் தொண்டையையும் நேரே தொட்ட வினாவாகும். முடக்குவாதத்தைப் பற்றீரியாக்களே விளைவிக்கின்றன என்ற கருதுகோள் ஒரு காலத்தில் மருத்துவ உலகில் ஏறத்தாழ ஐயத்துக்கு இடமற்றதாகக் கொள்ளப்பட்டது; பின்னர் முற்றாகக் கைவிடப்பட்டது; இன்று வேறொரு வடிவில் மீண்டும் ஆய்வுகூடங்களுக்குள் வந்துள்ளது. இவ்வெழுச்சியும் வீழ்ச்சியும் மீள்வருகையும் எக்காரணங்களால் நிகழ்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பெற்ற நோய், காரணம் பெறாத நோய்

முடக்குவாதம் என இங்கு நாம் குறிப்பிடுவது, ஆங்கில மருத்துவர் ‘றூமற்றொயிட் ஆத்திரைற்றிசு’ என வழங்கும் நோயையாகும். கை, கால்களின் சிறு மூட்டுக்கள் இரு பக்கத்தும் ஒத்த முறையில் வீங்குதலும், காலை வேளையில் அவை விறைத்து நிற்றலும் இதன் முதற் குறிகளாம். மூட்டின் உட்புறத்தைப் போர்த்துள்ள மென்சவ்வு அழற்சியுற்றுத் தடித்து, காலப்போக்கில் கசியிழையத்தையும் என்பையும் அரித்துவிடுகின்றது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களையே இது இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கின்றது.

1800ஆம் ஆண்டிற் பாரிசு நகரின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் ஒன்பது பெண்களை அவதானித்து லாந்திரே-போவே என்பார் எழுதிய ஆய்வேடே இந்நோயின் முதற் தெளிவான விவரணம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆயினும் அவர் இதனைக் கௌட் என்னும் மூட்டுநோயின் ஒரு வகையாகவே கருதினார். இங்கிலாந்தின் அல்பிரட் கரொட், கௌட் நோயாளரின் குருதியில் யூரிக்கமிலம் மிகுந்திருத்தலைக் கண்டு காட்டியவர். அவரே 1859இல் இவ்விரு நோய்களையும் வேறு பிரித்து, இன்றைய ஆங்கிலப் பெயரையும் சூட்டினார். இங்ஙனம் கௌட் நோய்க்குக் காரணம் கிடைத்தது. முடக்குவாதத்துக்குப் பெயர் மட்டுமே கிடைத்தது.

இவ்வெற்றிடத்திலேதான் பற்றீரியாக் கருதுகோள் புகுந்தது. 1882இல் ரொபேட் கோக் கசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அடுத்த இரு தசாப்தங்களிற் கொலரா, தொண்டைக்கரப்பன், பிளேக்கு முதலிய நோய்களின் கிருமிகளும் வெளிப்பட்டன. கசநோய்க் கிருமியும் மேகவெட்டைக் கிருமியும் மூட்டுக்களைத் தாக்கவல்லன என்பதும் தெரிந்திருந்தது. எனவே முடக்குவாதத்துக்கும் ஒரு கிருமி இருத்தல் வேண்டும் என அக்கால மருத்துவர் எதிர்பார்த்தமை நியாயமானதே. ஆனால் நோயாளரின் மூட்டு நீரை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்த்தபோது பெரும்பாலும் எதுவும் வளரவில்லை.

பற்களின் மீதான தீர்ப்பு

மூட்டிற் கிருமி இல்லையெனின், அது உடலின் வேறோரிடத்தில் ஒளிந்திருந்து, குருதி வழியே தன்னையோ தன் நச்சையோ மூட்டுக்கு அனுப்புகின்றது என்று கொள்ளலாமன்றோ? இதுவே ‘குவியத் தொற்று’க் கொள்கையின் சாரம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்ரர் 1900ஆம் ஆண்டு முதலே வாயின் அழுகற் தொற்றே பல நாட்பட்ட நோய்களின் ஊற்று என வாதிட்டு வந்தார். 1910இல் கனடாவின் மொன்றியல் நகரில் அவர் ஆற்றிய உரை, சீழ்பிடித்த வேர்களின் மீது பொன்முடி பூட்டும் பல் வைத்தியத்தைக் கடுமையாகக் கண்டித்தது. 1912இற் சிக்காகோவின் பிராங்க் பில்லிங்சு இக்கொள்கையை மூட்டு நோய்களுடன் நேரடியாக இணைத்தார். அவருடன் பணியாற்றிய எட்வேட் ரோசினோ, நோயாளரிடமிருந்து பெற்ற ஸ்ரெப்ரோகொக்கசுகளை முயல்களுக்கு ஏற்றி, ஒவ்வொரு கிருமியும் தனக்குரிய உறுப்பை நாடிச் செல்கின்றது என்றும் கூறினார்.

விளைவு பாரதூரமானதாயிற்று. மூட்டு வலியுடன் வந்தோரின் பற்கள் களையப்பட்டன, ரொன்சில்கள் வெட்டியகற்றப்பட்டன, அதுவும் பயன்றராதவிடத்துப் பித்தப்பையும் குடல்வாலும் சந்தேகத்துக்கு உள்ளாயின. நோயால் விரல்கள் முடங்கிய ஒருவர், உணவை மெல்லும் பற்களையும் இழந்து வீடு திரும்புதல் அக்காலத்தில் அரிய நிகழ்ச்சியன்று.

இக்கொள்கை இத்துணை உறுதியாக வேரூன்றியமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, முடக்குவாதம் தானாகவே தணிந்தும் எழுந்தும் செல்லும் இயல்புடையது. பல் பிடுங்கிய பின்னர் நோய் தணியுமாயின் அத்தணிவு சிகிச்சையின் வெற்றியாகவே எண்ணப்பட்டது. இரண்டாவது, பழுதுற்ற பற்கள் அக்காலத்தில் எங்கும் மலிந்திருந்தன. தேடியவர் எவரும் ஒரு குவியத்தைக் காணாது போகவில்லை. மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. நோயாளர் குணமடையாவிடின், இன்னொரு குவியம் மறைந்துள்ளது என்ற விடை எப்போதும் கைவசம் இருந்தது. குணமடைந்தாலும் கொள்கை மெய், குணமடையாவிட்டாலும் கொள்கை மெய் எனின், அக்கொள்கையைச் சோதிப்பது எங்ஙனம்? சிகிச்சை பெற்றோரைப் பெறாதோருடன் ஒப்பிடும் முயற்சியோ நெடுங்காலம் மேற்கொள்ளப்படவில்லை.

செசிலின் மீள்பரிசீலனை

இவ்வரலாற்றில் நியூ யோர்க்கின் ரசல் செசிலுக்குத் தனியிடம் உண்டு. 1927இல் முதன்முதல் வெளிவந்து பல தலைமுறை மருத்துவ மாணவர் கற்ற பாடநூலின் பதிப்பாசிரியர் இவர். 1929இல் நிக்கல்சு, ஸ்ரெயின்சுபி ஆகியோருடன் இணைந்து, முடக்குவாத நோயாளரின் குருதியிலிருந்தும் மூட்டுக்களிலிருந்தும் ஸ்ரெப்ரோகொக்கசுகளை வளர்த்தெடுத்ததாக அறிவித்தார். நோயாளரின் குருதித் தெளிநீர் இக்கிருமிகளைத் திரளச் செய்கின்றது என்றும் இக்குழுவினர் காட்டினர். காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றே பலரும் எண்ணினர். ஆனால் ஏனைய ஆய்வுகூடங்களில் இவ்வளர்ப்பு முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை.

1938இற் செசில், அன்ஜவைன் என்பாருடன் சேர்ந்து, 200 முடக்குவாத நோயாளரின் வரலாறுகளைப் பகுத்து ஆராய்ந்தார். அந்த ஆய்வின் முடிவு, தாம் முன்னர் ஆதரித்த கொள்கைக்கே எதிரானதாய் அமைந்தது: குவியத் தொற்றுக்கு இந்நோயிற் குறிப்பிடத்தக்க பங்கில்லை, பற்களையும் ரொன்சில்களையும் அகற்றியமையாற் பெரும்பாலானோர் பயன் பெறவில்லை. 1940இல் றீமன், ஹவன்சு ஆகியோர் வெளியிட்ட விமரிசனக் கட்டுரை கொள்கை முழுவதையும் சான்றற்றது எனக் கண்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலவிய நடைமுறை இதன்பின் படிப்படியாகத் தளர்ந்தது. பிறரது தவறைச் சுட்டுதல் புலமையாளருக்கு எளிது. தமது பெயரோடு பிணைந்த கருத்தைத் தாமே எண்ணிக் கணக்கிட்டு விலக்குதல் எளிதன்று. செசிலின் 1929ஆம் ஆண்டு அறிக்கையிலும் பார்க்க 1938ஆம் ஆண்டு அறிக்கையே மருத்துவத்துக்கு அவர் அளித்த பெருங்கொடை எனலாம்.

தவறான வழியிற் கிடைத்த மருந்துகள்

எனினும் இக்கருதுகோள் தீமையை மட்டுமே விளைத்தது எனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பொன்னின் கதை இதற்குச் சான்று. பொன் கலந்த சயனைட்டுச் சேர்வை கசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக் குழாயில் தடுக்கின்றது எனக் கோக் 1890இற் கண்டார். 1920களில் டென்மார்க்கிற் பொன்னுப்பு கசநோய் மருந்தாகவே வழங்கப்பட்டது. முடக்குவாதமும் கசநோயும் ஒத்த இயல்பின என எண்ணிய பிரெஞ்சு மருத்துவர் ஜாக் பொரஸ்தியே, 1929இற் பொன்னுப்பு ஊசியால் மூட்டு நோயாளர் பயன் பெற்றதை அறிவித்தார்.

இதன் பின்னர் நிகழ்ந்தவை கருதத்தக்கன. 1931இல் அமெரிக்காவின் டெற்றொயிற் நகரை அடுத்து அம்பர்சன் குழுவினர் 24 கசநோயாளரை இரு கூறாக்கி, எக்கூறுக்குப் பொன் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர்; மற்றக் கூறு வடித்த நீரையே ஊசியாகப் பெற்றது. பொன்னாற் பயனில்லை என்பதும் கேடே உண்டு என்பதும் புலனாயின. முடக்குவாதத்தில் இதே ஒப்பீட்டு முறையைப் பிரித்தானிய ஆய்வாளர் கையாண்டு 1960இல் வெளியிட்ட முடிவோ, பொன் பயன்தருகின்றது எனக் காட்டிற்று. கசநோய்க்கென எண்ணிய மருந்து கசநோய்க்கு உதவவில்லை. கசநோய் போன்றது எனத் தவறாக எண்ணப்பட்ட நோய்க்கு உதவிற்று.

சுவீடனின் நன்னா சுவாட்சு அம்மையாரின் முயற்சியும் இத்தகையதே. முடக்குவாதம் தொற்றுநோய் என நம்பிய அவர், கிருமியைக் கொல்லும் சல்பா மருந்தொன்றையும் அழற்சியைத் தணிக்கும் சலிசிலிக்கமில வகையொன்றையும் ஒரே மூலக்கூறில் இணைக்கும் திட்டத்தை 1930களின் இறுதியில் வகுத்தார். அவ்வாறு பிறந்த சல்பசலசீன் இன்றும் முடக்குவாத நோயாளருக்கு வழங்கப்படுகின்றது. ஆனால் மருந்து பலித்தமை கொள்கையை நிறுவுவதாகாது. பெனிசிலின் ஸ்ரெப்ரோகொக்கசுகளைக் கொன்றது, முடக்குவாதத்தை அசைக்கவில்லை. மினோசைக்கிளின் என்னும் நுண்ணுயிரெதிரி 1995இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் ஓரளவு பயன் தந்தது. எனினும் அம்மருந்து கிருமிகளை அடக்குவதோடு கசியிழையத்தைச் சிதைக்கும் நொதியங்களையும் தடுப்பதாதலின், பயன் எவ்வழியில் வந்தது என அதனைக் கொண்டு துணிதல் இயலாது.

வினா மாறுகின்றது

இதற்கிடையில் ஆய்வின் திசை வேறாயிற்று. 1940இல் நோர்வேயின் எரிக் வாலரும் 1948இல் அமெரிக்காவின் ஹரி ரோசும், முடக்குவாத நோயாளரின் குருதியில் உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகளையே பற்றிக்கொள்ளும் ஒரு காரணியைத் தனித்தனியே கண்டனர். அதே 1948இற் பிலிப் ஹென்ச் கோட்டிசோனைச் செலுத்திப் படுக்கையிற் கிடந்தோரை எழச் செய்தார். கோட்டிசோன் எக்கிருமியையும் கொல்வதன்று. ஆகவே நோயை நிகழ்த்துவது உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே என்ற கருத்து வலுப்பெற்றது. 1978இற் பீற்றர் ஸ்ராஸ்னி, டீஆர்4 என்னும் பரம்பரைக் கூறு இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுதலை நிறுவினார்.

எனினும் பற்றீரியாவை முற்றாக மறக்கலாகாது என்பதை ஒரு நிகழ்ச்சி உணர்த்திற்று. 1975இல் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து லைம் என்னும் ஊரையும் அயலையும் சேர்ந்த பல சிறுவர் ஒரே காலத்தில் மூட்டு வீக்கத்துக்கு ஆளாயினர். இளம் பருவ முடக்குவாதம் எனவே முதலில் அது கருதப்பட்டது. அண்மை அயலில் இத்தனை பேர் எங்ஙனம் பீடிக்கப்பட்டனர் எனத் தாய்மார் எழுப்பிய வினா ஆய்வைத் தூண்ட, உண்ணியாற் பரவும் ஒரு பற்றீரியா 1982இற் கண்டுபிடிக்கப்பட்டது. அது நுண்ணுயிரெதிரிகளாற் பெரும்பாலும் குணமாகும் வேறொரு நோய். கிருமி, பரவும் வழி, குணமாக்கும் மருந்து ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்திய இச்சான்றை முடக்குவாதத்துக்கு எவரும் இதுவரை காட்டியதில்லை.

மீண்டும் வாயை நோக்கி

1998இல் நெதர்லாந்து ஆய்வாளர், முடக்குவாத நோயாளரின் பிறபொருளெதிரிகள் சிற்றுலின் என்னும் அமினோவமிலமாக மாற்றப்பட்ட புரதப் பகுதிகளைத் தாக்குகின்றன என வெளிப்படுத்தினர். அடுத்த ஆண்டில், பல்முரசு நோயுடன் தொடர்புடைய போபிரோமொனாசு சிஞ்சிவாலிசு என்னும் பற்றீரியா இம்மாற்றத்தைச் செய்யவல்ல நொதியத்தைத் தானே உடையது என அறியப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்து 2004இல் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது: முரசில் வாழும் கிருமி புரதங்களை உருமாற்ற, உடல் அவற்றைப் பிறபொருள் எனக் கருதி எதிர்க்கத் தொடங்குகின்றது என்பதே அது. வட சுவீடனிற் சேமித்த குருதியை ஆராய்ந்தோர், இப்பிறபொருளெதிரிகள் நோய்க் குறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றுதலை 2003இற் காட்டியிருந்தனர். 2013இற் குடல்வாழ் பற்றீரியா ஒன்றும், 2016இல் வாய்வாழ் பற்றீரியா வேறொன்றும் இவ்வரிசையிற் சேர்ந்தன. முரசு நோயுள்ள முடக்குவாத நோயாளரின் குருதியில் வாய்ப் பற்றீரியாக்கள் மீண்டும் மீண்டும் நுழைகின்றன என 2023இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது.

அங்ஙனமாயின் பில்லிங்சு கூறியது சரியாகிவிட்டதா? இல்லை. அவர் பற்றீரியாவை நோயின் உடனிருந்து நஞ்சூட்டும் பகையாகக் கொண்டார். அப்பகையை அகற்றின் நோய் அகலும் என்றார். இன்றைய கருதுகோளிலோ பற்றீரியா, பரம்பரைக் கூறும் புகைப்பழக்கமும் போன்ற பல ஏதுக்களுள் ஒன்று; நோய் வெளிப்படுமுன்னரே தன் செயலை அது முடித்திருக்கலாம். எனவே நோய் முற்றிய பின் பல்லைக் களைவதாற் பயன் விளையாமை இக்கருதுகோளுக்கு முரணன்று. அதே வேளை இக்கருதுகோளும் இன்னும் நிறுவப்பட்டதன்று. முரசு நோயுற்ற பெரும்பாலானோர் முடக்குவாதத்துக்கு ஆளாவதில்லை. புகைத்தல் இரண்டுக்கும் பொதுவான ஏதுவாக இருப்பதால் உடனிகழ்ச்சி காரணமாகத் தோற்றமளிக்கவுங் கூடும். தொடர்பு வேறு, காரணம் வேறு.

நிர்ப்பீடனத்துக்கும் கிருமிக்குமிடையிலான பிணைப்பு எத்துணை நுண்ணியது என்பதை அண்மைக்கால வரலாறும் காட்டுகின்றது. லண்டனில் மெயினி, பெல்ட்மான் ஆகியோர் அழற்சியைத் தூண்டும் ரீஎன்எப் என்னும் பொருளைத் தடுக்கும் சிகிச்சையின் நற்பயனை 1993 முதல் வெளியிட்டனர். முடங்கிய பலருக்கு அது மறுவாழ்வு தந்தது. ஆனால் 2001இல் வெளிவந்த அறிக்கையொன்று, அத்தகைய சிகிச்சை பெற்றோர் சிலரிடம் உறங்கிக் கிடந்த கசநோய் விழித்தெழுந்ததை அறிவித்தது. அன்று முதல் அம்மருந்தைத் தொடங்குமுன் கசநோய்ச் சோதனை செய்தல் வழக்கமாயிற்று.

தொகுத்து நோக்குமிடத்து, இவ்வரலாற்றில் ஒரு கருத்துத் தோற்று இன்னொரு கருத்து வென்றது என்பதிலும் பார்க்க, கருத்தைச் சோதிக்கும் முறை தோன்றியமையே முக்கியமானது. நாணயம் சுண்டிய அம்பர்சனும் தம் நோயாளரை எண்ணிப் பார்த்த செசிலும் செய்தது அதுவே. பற்றீரியா மீண்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் இன்று, முரசைப் பேணுதல் தன்னளவில் நன்று என்பதிற் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அதனால் மூட்டுக்கள் காப்பாற்றப்படும் என்று நோயாளருக்கு வாக்களிக்க முன்னர், ஒப்பீட்டுச் சோதனைகளின் விடைக்காகக் காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருத்தல் நூறாண்டுகளுக்கு முன்னர் இருந்திருப்பின், எத்தனையோ பேர் தம் பற்களோடு வாழ்ந்திருப்பர்.