வகுப்புக் குலம்: ஒரு குலைவின் வரலாறு

கணித வரலாற்றை வெற்றிகளின் பட்டியலாகவே எழுதிப் பழகிவிட்டோம். யார் நிரூபித்தார், எந்த வருஷம், அவ்வளவுதான். ஆனால் இயற்கணிதத்தின் மையமான கருத்தொன்று, ஒரு குலைவை மூடி மறைக்காமல் அளக்கத் துணிந்ததிலிருந்து பிறந்தது. அதன் பெயர் வகுப்புக் குலம். ('குலம்' என்றதும் நமக்கு வேறு ஞாபகம் வரும். 'குரூப்' என்பதற்குப் பாடநூல்காரர்கள் வைத்த சொல் அது. நம் மொழியின் பழைய கறை கணிதத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.)

1847 மார்ச் 1. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாகப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் லாமே அறிவிக்கிறார். உடனே லியூவில் கேட்கிறார்: முழு எண்கள் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் பிரியும், நீங்கள் புதிதாகச் சேர்த்துக்கொண்ட கலப்பெண்களும் அப்படியே பிரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உத்தரவாதம் இல்லை. மே 24 அன்று, பிரெஸ்லௌவிலிருந்து கும்மர் எழுதிய கடிதம் அதே சபையில் படிக்கப்பட்டது. அந்த ஒருமை குலைகிறது என்பதை 1844-லேயே தான் வெளியிட்டுவிட்டதாக அதில் இருந்தது.

குலைகிறதுன்னா எப்படி? கும்மர் கையாண்டவை சிக்கலான எண்கள். எளிய உதாரணம் பார்ப்போம். முழு எண்களோடு √−5-ஐச் சேர்த்து ஓர் அரங்கம் அமைத்துக்கொள்ளுங்கள். அங்கே 6 = 2 × 3. (1+√−5) × (1−√−5) பெருக்கிப் பாருங்க, அதுவும் 6. இந்த நான்கில் எதையும் அந்த அரங்கத்துக்குள் மேலும் உடைக்க முடியாது. ஒரே எண்ணுக்கு இரண்டு வம்சாவளி!

கும்மர் வைத்த யோசனை: கண்ணுக்குப் புலப்படாத காரணிகள் அடியில் இருப்பதாகக் கொள்வோம். நம் உதாரணத்தில் அவற்றை அ, ஆ, இ என்போம். 2 = அ×அ. 3 = ஆ×இ. 1+√−5 = அ×ஆ. 1−√−5 = அ×இ. இப்போது இரண்டு வழியிலும் அதே நான்கு காரணிகள்தாம். சேர்த்த விதம்தான் வேறு. ஆனால் அ, ஆ, இ மூன்றுமே அந்த அரங்கத்தில் எண்ணாக இல்லை. 1871-இல் டெடகிண்ட் இந்த 'இல்லாத எண்'களை, எண்களின் தொகுதிகளாக வரையறுத்து, 'ஐடியல்' என்று பெயரிட்டார்.

இந்த ஐடியல்களில், ஒற்றை எண்ணால் உண்டாகுபவை ஒரு வகுப்பு, மற்றவை இன்னொரு வகுப்பு. மற்றவற்றில் இரண்டைப் பெருக்கினால் முதல் வகுப்பு வரும். √−5 அரங்கத்தின் வகுப்புக் குலம் இவ்வளவுதான்: இரண்டே உறுப்புகள். ஒருமை குலையாத அரங்கத்தில் ஒரே உறுப்புதான் இருக்கும். கும்மரின் வரிசையில் ஒருமை முதன்முதலாக உடைகிற 23-இல் மூன்று. ஆக, குலைவு என்பது வெறும் குழப்பமல்ல. அதற்கும் ஓர் உள்ளமைப்பு உண்டு, அதை எண்ணிச் சொல்லலாம்.

எண்ணியதால் என்ன லாபம்? இந்த உறுப்பு எண்ணிக்கையை ஒற்றைப்படைப் பகா எண்ணான அடுக்கு மீதியின்றி வகுக்காவிட்டால், அந்த அடுக்குக்கு ஃபெர்மாவின் கூற்று மெய் என்று கும்மர் நிறுவினார். 100-க்குள் 37, 59, 67 மூன்றுக்கு மட்டும் இவ்வழி எட்டவில்லை. ஒருமை இருப்பதாகப் பாவித்த லாமேயின் நிரூபணம் விழுந்துவிட்டது. குலைவை ஒப்புக்கொண்டவரே இவ்வளவு தூரம் போனார்.

எந்தெந்த அரங்கங்களில் இந்த ஐடியல் கணக்கு செல்லும் என்பதை எடுகோள்களாக வகுத்தவர் எம்மி நோத்தர் (1927). 1915-இல் கோட்டிங்கன் வந்த அவருக்குப் பெண் என்பதால் சொந்தப் பெயரில் பாடம் நடத்தும் உரிமை 1919 வரை இல்லை. ஹில்பர்ட் பெயரில் அறிவித்து அவர் நடத்தினார். 1933-இல், யூதர் என்பதால், நாஜி அரசு வெளியேற்றியது. அமெரிக்காவில் 1935-இல் இறந்தார். விலகலுக்கும் இடம் தந்த ஒரு கோட்பாட்டை வகுத்தவருக்கு அந்த நிறுவனத்தில் இடம் இல்லை.

1966-இல் லூதர் கிளாபோர்ன் இன்னொரு கதவைத் திறந்தார்: பெருக்கல் வரிசை மாற்றினாலும் விடை மாறாத எந்தக் குலத்தை எடுத்துக்கொண்டாலும், அதையே வகுப்புக் குலமாகக் கொண்ட ஓர் அரங்கம் உண்டு. அதாவது ஒருமையிலிருந்து விலகுவதற்கு இத்தனை வழிதான் என்று யாரும் வரம்பு கட்ட முடியாது.

இதை வைத்து 'கணிதமே மையத்தைத் தகர்த்துவிட்டது' என்று கோஷம் போடுவது சுலபம். அது சரியல்ல. கும்மர் ஒருமையைக் கைவிடவில்லை, வேறு தளத்தில் மீட்டார். நமக்கு வேண்டியது அவர் செய்த முறை: பொருந்தாததைத் தள்ளிவிடாமல், எவ்வளவு பொருந்தவில்லை, எந்த ஒழுங்கில் பொருந்தவில்லை என்று கேட்பது.