கண்ணகி நகர்

சென்னையின் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அமைந்த மறுகுடியமர்வுப் பகுதி. 1970இல் உருவான தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தந்தது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் வாழ்ந்தவர்களை நகர விளிம்புக்கு அனுப்பும் போக்கு பின்னர் வலுத்தது. 2000 முதல் குடியேற்றம் பெற்ற கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் சிலவும் இங்கு வந்தன. முதலில் கட்டப்பட்ட வீடுகள் 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை.

ஊராட்சியாக இருந்த துரைப்பாக்கத்தின் மக்கள்தொகை சில ஆண்டுகளில் பன்மடங்கானது; 2011இல் அவ்வூராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. பள்ளி, மருத்துவமனை, குடிநீர் வசதிகள் குடியேற்றத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் முன்பு நடந்தே போய்வந்த பெண்கள் இங்கு வந்தபின் பேருந்துக்குக் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். பலர் வேலையையே விட்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்களில் துப்புரவு, காவல் பணிகள் பின்னர் கிடைத்தன. முகவரியைக் கேட்டதுமே வேலை மறுக்கப்படும் அவமதிப்பு, இட நெருக்கடியைவிடக் கொடியது. அருகிலுள்ள பெரும்பாக்கத்திலும் இதே மறுகுடியமர்வு முறையே பெரிய அளவில் தொடர்ந்தது.