வானத்தில் ஒரு கறுப்பு இதயம்

1960-ஐ ஒட்டிய வருடம். பிரெஞ்சு பள்ளியில் சின்ன வகுப்பு. சரித்திரப் பாடத்தில் முதல் உலகப்போர் விமானி கின்மேரைப் பற்றிப் படித்துவிட்டு, அவருடைய விமானத்தைப் படம் போட்டு வரச் சொன்னார் முசியே. நானும் கலர் பென்சிலால் போட்டேன். இறக்கையில் வட்டச் சின்னம்: வெளியே நீலம், அப்புறம் வெள்ளை, நடுவில் சிவப்பு. முசியே பார்த்துவிட்டு, "இது கோரிமேட்டுக்கு அந்தப்பக்கத்து விமானம்டா!" என்றார். வகுப்பே சிரித்தது. பிரெஞ்சு வட்டத்தில் நீலம்தான் நடுவில், சிவப்பு வெளியே. நடுவில் சிவப்பு வைத்தால் அது ஆங்கிலேயனுடையது.

வரிசை மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று அன்றைக்கு நினைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டு படித்தபோதுதான், உயிர்களே போயிருக்கின்றன என்று தெரிந்தது.

'கேமுஃப்ளாஜ்' என்கிற சொல்லே பிரெஞ்சுச் சொல். 1915-ல் பிரெஞ்சு ராணுவம் அதற்கென்று ஒரு தனிப் பிரிவையே ஏற்படுத்தியது. அதற்குத் தலைவர் கிராந் தெ செவோலா என்ற ஓவியர். பீரங்கியை மரம்செடிபோல் காட்டுவது அவர்கள் வேலை. இப்படி மறைப்பதற்குப் படையே வைத்திருந்த அதே நாட்டில், விமானிகள் நேர்மாறாக நடந்துகொண்டார்கள். கின்மேர் தன் விமானத்தில் 'வியே ஷார்ல்', அதாவது 'கிழட்டு ஷார்ல்' என்று எழுதிவைத்திருந்தார். பக்கவாட்டில் பறக்கிற நாரை. அது அல்சாஸ் பிரதேசத்துப் பறவை. அல்சாஸோ 1871-லிருந்து ஜெர்மானியர் கையில். அந்த நாரைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. 53 விமானங்களை வீழ்த்திய கின்மேர் 1917 செப்டம்பர் 11 அன்று புறப்பட்டுப் போனார், திரும்பவில்லை. வயது 22.

எதிர்த்தரப்பில் ரிக்டோஃபன் விமானத்துக்குச் சிவப்பே அடித்துவிட்டார். எண்பது விமானங்களை வீழ்த்தியவர். அதே ஜெர்மானியர்கள்தான் பலநிறக் கட்டங்கள் அச்சிட்ட துணியை இறக்கைக்குச் சுற்றி விமானத்தை மறைக்கவும் பார்த்தார்கள்! ஒரு கை மறைக்கிறது, ஒரு கை காட்டுகிறது.

ஆனால் என் மனதில் நிற்பவர் ஷார்ல் நன்ஜெஸேர். வெள்ளிநிற நியூபோர் விமானம். அதன் பக்கவாட்டில் ஒரு கறுப்பு இதயம். அதற்குள் மண்டையோடும் எலும்பும், ஒரு சவப்பெட்டி, இரண்டு மெழுகுவர்த்தி. நம் ஊர் லாரிக்காரர் திருஷ்டிப் பூசணிக்காயில் பூதம் வரைவார். இவரோ தன் சாவையே வரைந்துகொண்டு பறந்தார். உடம்பில் எத்தனை எலும்பு முறிந்தும் திரும்பத் திரும்ப ஏறிய மனிதர்.

1917-ல் ஒருநாள் ஒரு பிரிட்டிஷ் விமானம் அவரை ஜெர்மானியர் என்று நினைத்துச் சுட ஆரம்பித்தது. தப்பிக்கப் பார்த்தார், அது விடவில்லை. கடைசியில் திருப்பிச் சுட்டார். விழுந்தது நேசநாட்டு விமானம். அதற்குப் பிறகு மேல் இறக்கையில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று அகலமான பட்டைகளை அடித்துக்கொண்டார். எதிரிக்குத் தெரிந்தால் தெரியட்டும், நம்மவனுக்கு முதலில் தெரியவேண்டும் என்பதுதான் கணக்கு. (பத்து வருடம் கழித்து, 1927 மே 8-ல் அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பிய அவருடைய வெள்ளை விமானத்திலும் அந்தக் கறுப்பு இதயம் இருந்தது. அது போய்ச் சேரவில்லை. கிளம்பியதும் கழற்றிவிட்ட சக்கரங்கள் மட்டும் பாரிஸ் பக்கத்து லெ பூர்ஜே மியூசியத்தில் இருக்கின்றன.)

இந்தப் பாடத்தை இரண்டாம் உலகப்போரில் மறுபடி ரத்தம் கொடுத்துப் படித்தார்கள். போர் தொடங்கி நான்காம் நாளே, 1939 செப்டம்பர் 6 அன்று, பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்கள் தங்கள் ஹரிக்கேன்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. 1943 ஜூலையில் சிசிலியில் இன்னும் மோசம். பாராசூட் வீரர்களை ஏற்றிவந்த அமெரிக்க விமானங்கள்மேல் ராத்திரியில் அவர்கள் கப்பல்களும் அவர்கள் பீரங்கிகளுமே சுட்டன. 23 விமானங்கள் விழுந்தன.

அதனால்தான் நார்மண்டியில் இறங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், 1944 ஜூன் ஆரம்பத்தில், ரகசியமாக ஓர் உத்தரவு. இறக்கையிலும் உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள். சிறிய விமானத்துக்குப் பட்டை 18 அங்குலம், பெரியதற்கு 24. ஆயிரக்கணக்கான விமானங்கள். கிடைத்த பிரஷ்ஷையெல்லாம் எடுத்து அவசர அவசரமாக அடித்தார்கள். அந்தக் காலத்து போட்டோக்களைப் பாருங்கள், பட்டைகள் கோணலும் மாணலுமாக இருக்கும். முன்தேதியிட்டு உத்தரவு வரும் அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு அந்த அவசரம் புரியும்.

நம் பக்கத்து வானத்திலும் இதே தலைவலிதான், வேறு மாதிரி. ஜப்பானியர் சின்னம் சிவப்பு வட்டம். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவிலும் சிவப்பு. வேகத்தில் பார்ப்பவனுக்கு அந்தச் சிவப்பு ஒன்றே கண்ணில் படும். இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த விமானங்களில் அதை எடுத்தே விட்டார்கள். வெள்ளையும் தூரத்துக்குப் பளிச்சிட்டதால் அதில் நீலம் கலந்து மங்க வைத்தார்கள். கடைசியில் மிஞ்சியது கருநீலத்துக்குள் வெளிர்நீலம். இந்திய விமானப்படையின் ஹரிக்கேன்களும் அந்தச் சின்னத்தோடுதான் பர்மா போனார்கள். முசியே சிரித்த அந்த நடுச்சிவப்பு இங்கே ஆங்கிலேயனுக்கே ஆகவில்லை.

அப்புறம் போர் முடியும் தறுவாயில், பாடுபட்டு மறைத்த அதே பிரிட்டிஷ் தண்டர்போல்ட்களின் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை அடித்தார்கள்.