கூட்டத்துக்கு யார் போவது? பள்ளியும் ஊராரும்: ஒரு சிறு வரலாறு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார்: "பாப்பா ஸ்கூல்ல இன்னிக்கு மீட்டிங்குங்க. என்னையும் கமிட்டியில போட்டிருக்காங்க."

"அப்புறம் போகலையா?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்குன்னாங்க. அந்நேரத்துக்கு நாலாவது மாடி வீட்டுல வேலை இருக்குதுங்களே."

அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் நான் என் மகனின் பள்ளிக்குப் போயிருந்தேன். மார்க் பட்டியலைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன், பத்து நிமிடத்தில் வண்டியை எடுத்துவிட்டேன். அந்த அக்கா உட்கார வேண்டிய கூட்டமோ வேறு வகை. பள்ளிக்கு என்ன தேவை, வந்த பணம் எப்படிச் செலவானது என்று கேட்கும் உரிமையைச் சட்டமே அவருக்குக் கொடுத்திருக்கிறது. எனக்கு இருந்த நேரம் அவருக்கு இல்லை. அவருக்கு இருந்த அதிகாரம் எனக்கு இல்லை.

இது எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். கதை முடியும்போது நம் குடியிருப்புக்கே திரும்பி வருவோம்.

திண்ணைப் பள்ளிக் காலம்

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் பக்கத்தில் பள்ளி என்றால் திண்ணைப் பள்ளிதான். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-இல் ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். அப்போது திருப்பூர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கலெக்டர் ஜான் சல்லிவன், ஊட்டியை உருவாக்கியவர் என்று நாம் அறிந்த அதே சல்லிவன். அவர் அனுப்பிய கணக்கில் இந்த மாவட்டத்தில் 763 பள்ளிகள். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 பிள்ளைகள்.

இந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் பெற்றோர்தான். மாதம் சில அணா, அறுவடைக்குத் தானியம், பண்டிகைக்கு வேட்டி என்று வாத்தியாருக்குப் படியளந்தார்கள். ஒரு வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று மன்றோ 1826-இல் எழுதினார்.

பெற்றோர் ஈடுபாடு அன்று குறைவில்லை. ஆனால் படியளக்க முடிந்தவர் பிள்ளைக்கே திண்ணையில் இடம். பெண் பிள்ளைகள் அபூர்வம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையருகே நிற்கவும் வழியில்லை. பெற்றோரின் வசதியை மட்டும் நம்பி ஒரு பள்ளி நடந்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பதை அந்தத் திண்ணைகள் காட்டின.

சோற்றிலிருந்து தொடங்கிய ஈடுபாடு

பிறகு அரசும், நகராட்சியும், ஜில்லா போர்டும், மிஷன்களும் பள்ளிகள் திறந்தன. கதவு திறந்தாலும் பசித்த பிள்ளை வரவில்லை. 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு.

1954-இல் காமராஜர் முதலமைச்சரானார். பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்துக்காரர். மதிய உணவுத் திட்டம் என்றதும் அரசு ஆணை போட்டது, சோறு வந்தது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். நடந்தது அப்படியில்லை. முதலில் ஊர்தான் தொடங்கியது. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி வாங்கினார்கள். விறகு ஒருவர், காய்கறி ஒருவர், பாத்திரம் ஒருவர் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1956 ஜூலையில் எட்டயபுரத்தில் காமராஜர் இதை முறையாகத் தொடங்கிவைத்தார். அதன் பிறகு அரசு பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து காசு என்று வைத்து, ஆறு காசு அரசும் நாலு காசு ஊரும் ஏற்றன.

அந்த நாலு காசைக் கவனியுங்கள். அதைக் கொடுத்தவர் எல்லாருக்கும் அந்தப் பள்ளியில் பிள்ளை இல்லை. மிராசுதாரர் வீட்டுப் பிள்ளை டவுனில் படித்திருக்கலாம், கடைக்காரர் பிள்ளைக்குப் படிப்பே முடிந்திருக்கலாம். "என் பிள்ளை படிக்கும் பள்ளி" என்ற பேச்சு "எங்கள் ஊர்ப் பள்ளி" என்று மாறியது அப்போதுதான்.

ஊரே கூடிய மாநாடுகள்

சோறு கொடுத்த ஊரைச் சுந்தரவடிவேலு அடுத்த படிக்குக் கூட்டிப்போனார். 1958-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள்.

அதன் முறை எளிமையானது. தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எழுதுவார்கள். ஓடு மாற்ற வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும், கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், குடிதண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தட்டு, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று எதிரே எழுதுவார்கள். பிறகு யார் எதை ஏற்பது என்று பேசுவார்கள். சுற்று வட்டாரப் பள்ளிகள் எல்லாம் ஓரிடத்தில் கூடும் மாநாட்டில், கொடுத்தவர் பெயரைச் சொல்லிக் கூட்டத்தின் முன் ஒப்படைப்பார்கள்.

பெரிய கொடையாளி கட்டடம் கட்டினால், நாலணா கொடுக்க முடிந்தவர் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தார். இரண்டும் ஒரே பட்டியலில் ஏறின. இப்படிக் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருளும் உழைப்பும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன.

நம் ஊரிலும் இந்தக் குணத்தின் அடையாளம் உண்டு. ஜெய்வாபாய், நஞ்சப்பா, பழனியம்மாள் என்று நம் மாநகராட்சிப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். எல்லாம் ஆட்களின் பெயர்கள். இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் இன்று பனியன் கம்பெனி முதலாளிகளாகவும், டாக்டர்களாகவும், நம் குடியிருப்பிலேயே பக்கத்து வீட்டுக்காரர்களாகவும் இருக்கிறார்கள்.

கொடுக்கும் கையிலிருந்து கேட்கும் உரிமைக்கு

மாநாட்டு உற்சாகம் ஆண்டுக்கணக்கில் நீடிக்காது. நிலையான ஏற்பாடு ஒன்று வேண்டும் என்றுதான் 1964-இல் தமிழ்நாடு மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் உருவானது. பள்ளிதோறும் அதன் கிளைகள். பல பள்ளிகளில் கழகம் நல்ல வேலை செய்தது, ஆசிரியர் இல்லாத வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியரை வைத்துச் சம்பளமும் கொடுத்தது. வேறு பல இடங்களில் சேர்க்கையின்போது ரசீது போடும் பெயராக மட்டும் மிஞ்சியது. உங்களில் பலர் அந்த ரசீதை வாங்கியிருப்பீர்கள். கூட்டத்துக்குப் போன நினைவு எத்தனை பேருக்கு இருக்கிறது?

2009-இல் நாடாளுமன்றம் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடம் வேண்டும். பள்ளி நடப்பதைக் கவனிப்பது, அரசுப் பணம் செலவாவதைப் பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது ஆகியவை குழுவின் வேலை.

1958-இல் பட்டியலை எழுதியது தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும். இப்போது அந்தப் பேனா பிள்ளையின் அம்மா கைக்கு வந்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல காலம் பதிவேட்டில்தான் இருந்தன. 2022 மார்ச் 20-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டி விளக்கினார்கள். 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைந்தன, அதில் 15 பேர் பெற்றோர். மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம் என்று வைத்தார்கள். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி

இங்கேதான் திருப்பூர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய இடம் வருகிறது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நம் ஊரில் யார் சும்மா இருக்கிறார்கள்? தையல் மெஷினில் இருக்கும் அம்மா எழுந்து போனால் அரை ஷிப்ட் போச்சு. மறுநாள் சனிக்கிழமை, வாரச் சம்பளத்தில் அது குறையும். செக்கிங்கில் இருப்பவருக்கு ஏற்றுமதிக் கெடு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே குடும்பத்தோடு இருப்பவர்களின் பிள்ளைகளும் இன்று நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்கு நேரமும் இல்லை, கூட்டத்தில் பேசும் மொழியும் முழுதாகப் பிடிபடவில்லை.

சட்டம் நாற்காலியைப் போட்டுவிட்டது. உட்கார நேரம் கொடுக்க வேண்டியது யார்? அந்த அம்மாவுக்கு ஷிப்ட் போடும் முதலாளியும், மேனேஜரும், வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் நாமும்தான். நம் குடியிருப்பில் இந்த மூன்று பேரும் இருக்கிறோம். அன்று ஊர் கொடுத்தது நாலு காசு. இன்று நம்மிடம் கேட்கப்படுவது மாதம் இரண்டு மணி நேரம்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நம் வீடுகளில் வேலை செய்பவர்களிடமும், வாட்ச்மேன், தோட்ட வேலை, துப்புரவு வேலை பார்ப்பவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளை ஸ்கூல்ல அடுத்த மீட்டிங் எப்போ?" அன்று மதியம் சம்பளம் பிடிக்காமல் அனுப்பிவையுங்கள். ஒரே நபர் நாலு வீட்டில் வேலை செய்தால் நாலு வீடும் சேர்ந்துதான் இதைச் செய்ய முடியும். ஒரு வீடு மட்டும் விட்டால் அவர் கூட்டத்துக்குப் போக முடியாது. கம்பெனி வைத்திருப்பவர்கள் அங்கேயும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது, நீங்கள் படித்தது நம் ஊர் அரசுப் பள்ளி என்றால், முன்னாள் மாணவராகப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். போகும்போது நாமாக ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டோ எடுத்துக்கொள்வதை விட, குழு எழுதியிருக்கும் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டி கேட்கும் பள்ளிக்கு இன்னொரு சுவர்க்கடிகாரம் எதற்கு? 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாகவும் கொடுக்கலாம்.

மூன்றாவது, நம் சொந்தப் பிள்ளைகளின் பள்ளி. நம்மில் பெரும்பாலோர் மெட்ரிக் அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளிக்குத்தான் அனுப்புகிறோம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆவது பிரிவு பொருந்தாது. அதனால் நமக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். சி.பி.எஸ்.இ. விதிப்படி பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் இருவர் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்த இருவர் யார் என்று தெரியுமா? தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் வந்த சட்டமும் இருக்கிறது. உங்கள் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேட்பது சண்டை ஆகாது. பணத்தைக் கட்டிவிட்டு மார்க்கை மட்டும் கேட்பவராக நிற்காமல், நூலகம் எப்படி, பஸ்ஸில் உதவியாளர் உண்டா, விளையாட்டுப் பீரியடில் உண்மையிலேயே விளையாட விடுகிறார்களா என்றும் கேட்போம்.

அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். நாலாவது மாடி வீட்டாரிடம் பேசினேன். விஷயமே தெரியாது என்றார்கள். அடுத்த கூட்டத்தன்று காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கூட்டம் முடிந்த மறுநாள் அக்கா வந்தார். "என்ன பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"பொண்ணுங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு எழுதச் சொன்னேனுங்க. எழுதிக்கிட்டாங்க."

எந்த நோட்டில் எழுதினார்கள், எப்போது போடுவார்கள் என்று அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்கப்போவதாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமையையும் எங்கள் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் காலண்டரிலும் ஒரு வட்டம் போடுங்கள்.